எழுவாய் எங்கே?

தொகுதி மறுவரையறை பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளிலும் கருத்தரங்க உரைகளிலும் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காகத் தமிழ்நாடு தண்டிக்கப்படுகிறது. அரசியல் அறிவியல் பேராசிரியர்களும் பொருளியலாளர்களும் கட்சிப் பேச்சாளர்களும் இதில் ஒரே குரலில் பேசுகிறார்கள். இந்த அச்சத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. 1962இல் 41 பேரை மக்களவைக்கு அனுப்பிய மாநிலம் 1967 முதல் 39 பேரைத்தான் அனுப்புகிறது. தமிழ் கற்பிப்பவள் என்பதால் என் கேள்வி இலக்கணத்தில் தொடங்குகிறது. கட்டுப்படுத்தியது யார்? ‘தமிழ்நாடு’ என்ற எழுவாய்க்குப் பின்னால் இருப்பவர்கள் யார்?

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) ஒரு விடை தருகிறது. இந்திய அளவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடை 0.3 விழுக்காடு மட்டுமே. தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு பாதிக்கும் மேல். ஆண்களின் பங்கு இங்கும் ஒரு விழுக்காட்டைத் தொடவில்லை. ‘ரெண்டாவது பிரசவத்தோட ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்’ என்று நம் வீட்டுப் பெண்கள் சாதாரணமாகச் சொல்லிக் கடக்கும் ஒரு வரிதான், கருத்தரங்க மேடையில் மாநிலத்தின் சாதனையாக மாறுகிறது. அவர்களில் விரும்பிச் செய்துகொண்டவர்கள் உண்டு. மாமியாரும் நர்சும் சொன்னதால் தலையாட்டியவர்களும் உண்டு. படித்ததால், வேலைக்குப் போனதால், இனிப் போதும் என்று தாமே முடிவெடுத்தவர்களும் உண்டு. இந்த வேறுபாடுகள் எதுவும் மறுவரையறை விவாதத்துக்குள் வருவதில்லை.

1976ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். நெருக்கடி நிலைக் காலம். 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மக்களவை இடங்களை 1971 கணக்கெடுப்போடு உறையவைத்தது. அது அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கொள்கையோடு சேர்ந்து வந்த ஏற்பாடு. 1976–77இல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, பெரும்பாலானவை ஆண்களுக்கு. அந்தக் கட்டாயத்தின் கோபமும் சேர்ந்துதான் 1977இல் வட இந்தியாவில் காங்கிரசைத் தோற்கடித்தது. அதன்பிறகு எந்த அரசும் ஆண்களிடம் அந்த வேகத்தில் போகவில்லை. சுமை பெண்களிடம் வந்துசேர்ந்தது. ஆணுடல்மீது கைவைத்தது தேர்தல் பிரச்சினையானது. பெண்ணுடல் மருத்துவமனைப் பதிவேட்டில் இலக்காகவே நின்றுவிட்டது. கூட்டாட்சி பற்றி எழுதுபவர்கள் 42ஆவது திருத்தத்தைப் பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். அதே ஆண்டின் அறுவைச் சிகிச்சைக் கூடத்தைப் பெண்ணியவாதிகளின் பாடமாக ஒதுக்கிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் இந்த மண்ணில் வேறொரு சிந்தனை மரபு இருந்தது. பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்தபோது, நாட்டின் பொருளாதாரத்துக்காக அதைக் கேட்பவர்களிடமிருந்து தம்மை விலக்கிக்கொண்டார். அவருக்கு அது பெண்ணின் விடுதலை பற்றிய கேள்வி. இன்று அவர் பெயரைச் சொல்லும் மேடைகளிலேயே கருத்தடை என்பது மாநிலம் செய்த நற்செயல் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

நற்செயலுக்குப் பலன் இல்லை என்றானதும் பேச்சு திரும்புகிறது. 2024 அக்டோபரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில் பதினாறு செல்வங்களைப் பதினாறு பிள்ளைகளாக மாற்றிப் பேசினார். மக்களவை இடங்கள் குறையும் என்பது அந்த நகைச்சுவையின் அடியில் இருந்த கவலை. அதே மாதம் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு இரண்டுக்கு மேல் பெற்றுக்கொள்ளச் சொன்னார். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று 1994 முதல் இருந்த தடையை அடுத்த மாதமே ஆந்திர சட்டமன்றம் நீக்கியது. போதும் என்று சொன்னபோதும் பெண்ணைக் கேட்கவில்லை. இன்னும் வேண்டும் என்று சொல்லும்போதும் கேட்கவில்லை.

எல்லைக்கு இருபுறமும் ஒரே குரல் ஒலிப்பது திருத்தணியில் இருக்கும் எனக்குக் கூடுதலாக உறைக்கிறது. அடுத்து இருக்கும் நகரி ஆந்திரம். கிராமத்தை அலகாகவும் மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் கொண்ட படாஸ்கர் பரிந்துரைப்படி, சித்தூர் மாவட்டத்திலிருந்த இவ்வூர் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ம.பொ.சி.யையும் மங்கலங்கிழாரையும் வரலாறு நன்றியோடு எழுதியிருக்கிறது, எழுத வேண்டியதுதான். ஆனால் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, அடுப்படியில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியும் பேசிய பெண்கள் அந்த வரலாற்றில் இல்லை. எல்லையைத் தீர்மானித்த அளவுகோலின் பெயர் தாய்மொழி. கணக்கெடுக்க வருபவரிடம் அதைச் சொல்வது வழக்கமாகக் குடும்பத் தலைவர். அன்று தாயின் மொழியை எண்ணிக் கோடு போட்டார்கள். இன்று அவள் பெற்ற பிள்ளைகளை எண்ணிக் கோடு போடப் பார்க்கிறார்கள்.

இதில் நமக்கு உடனடியாகப் பாதகமான இடம் ஒன்று உண்டு. 2023இன் 106ஆவது திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தருகிறது. ஆனால் அடுத்த கணக்கெடுப்பும் அதைத் தொடரும் மறுவரையறையும் முடிந்தபிறகே நடைமுறை என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். இதனால் மறுவரையறையை எதிர்க்கும் மாநிலத்தில் பெண் இடஒதுக்கீட்டைக் கேட்பவள் மாநில உரிமைக்குக் குறுக்கே நிற்பவளாகத் தெரிகிறாள். இந்த முடிச்சு இயற்கையானதல்ல, போடப்பட்டது. இப்போதிருக்கும் 39 இடங்களில் 13ஐப் பெண்களுக்கு ஒதுக்க எந்த மக்கள்தொகைக் கணக்கும் தேவையில்லை. 2024இல் தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போன பெண்கள் 5 பேர். 2021இல் சட்டமன்றத்தின் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். கட்சிகள் வேட்பாளர் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குக் கொடுக்கச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை.

மாநில உரிமை பற்றி எழுதும் மாணவிகள் இந்த இரண்டு கோரிக்கைகளையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுத வேண்டும் என்பது என் விருப்பம். தமிழ்நாட்டின் 39 இடங்கள் குறையக் கூடாது. அதில் 13 இடங்களுக்குப் பெண்கள் காத்திருக்கவும் கூடாது. முதல் கோரிக்கைக்கு ஆதாரமாக நாம் நீட்டும் புள்ளிவிவரம், இரண்டாவது கோரிக்கையை எழுப்பும் பெண்களின் அடிவயிற்றுத் தழும்பிலிருந்து எடுத்தது.