மேடைக்குத் திரும்பிய இருவர்

தடித்தவர் ஒருவரும் மெலிந்தவர் ஒருவருமாக, தொப்பியும் கழுத்துப் பட்டையும் அணிந்து, தாமே வருவித்துக்கொண்ட துன்பத்தின் நடுவே திகைத்து நிற்கும் இருவரை அறியாதார் நம்மில் மிகச் சிலரே. ஸ்டான் லாரல், ஆலிவர் ஹார்டி என்னும் பெயர்களைச் சொல்லத் தெரியாத பாட்டிமார்கூட அவ்வுருவங்களைக் கண்டமாத்திரத்தில் நகைப்பர். இவ்விருவரும் தம் முதுமையில் சீமையின் நாடகக் கொட்டகைகளில் ஊர் ஊராகச் சென்று நடித்ததைக் கதையாகக் கொண்டு, 2018ஆம் ஆண்டில் 'ஸ்டான் அண்டு ஆலி' என்றொரு திரைப்படம் வெளிவந்தது. அதைக் கண்ட பட்டணத்து நண்பர் சிலர், "பாவம், படத்துறை கைவிட்டபின் வயிற்றுப்பாட்டுக்காக மேடையேறி அலைந்தார்களே!" என்று இரங்கினர். அவ்விரக்கம் பொருத்தமற்றது என்பது எமது துணிபு. அதனை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மேடை இவர்களுக்கு அயலிடம் அன்று. லாரல் 1890இல் வட இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் நாடகக் கொட்டகைகளை நடத்தியவர். மகன் பதினாறாம் வயதில், 1906இல், கிளாஸ்கோ நகரின் பனாப்டிகன் அரங்கில் முதன்முதல் நின்று மக்களைச் சிரிக்க வைத்தார். பின்னர் பிரெட் கார்னோவின் குழுவிற் சேர்ந்து, 1910இல் சார்லி சாப்ளினோடு ஒரே குழுவில் அமெரிக்கா சென்றார். ஹார்டியோ 1892இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் பாட்டினால் பெயர் பெற்றவர். ஆகவே மேடைக்கு வந்ததை இறக்கம் என்பது பொருந்தாது. லாரலைப் பொறுத்தவரை அது பிறந்தகத்துக்கு மீண்டது போலாம்.

இனி அவர்களது கலையின் தன்மையை நோக்குவோம். 1927 முதல் ஹால் ரோச் என்பவரது படக்கூடத்தில் இருவரும் இணைந்து நடித்த படங்களைத் தனியே அமர்ந்து காண்பவர் ஒரு குறையை உணரக்கூடும். ஒரு வேடிக்கை நிகழ்ந்தவுடன் அடுத்தது வருவதில்லை. ஹார்டி நம்மை நேராக நோக்குவார், பெருமூச்செறிவார், "இத்தகையவனோடு நான் படும் பாட்டைப் பார்த்தீர்களா?" என்று கண்ணாலேயே கேட்பார். அந்நோக்கு நீளும், மேலும் நீளும். இன்று கைப்பேசியில் காணும் இளைஞர்க்கு அது சலிப்பு. ஆயினும் அது சோம்பலால் விளைந்த நீளம் அன்று. படம் முடிந்ததும் அதனைப் பொதுமக்கள் நிறைந்த கொட்டகையில் முன்னோட்டமாகக் காட்டி, எங்கே எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்று கணித்து, அதற்கேற்ப வெட்டியும் நீட்டியும் அமைப்பதே லாரலின் வழக்கம். அடுத்த பேச்சு சிரிப்பொலியில் அமிழ்ந்து போகாதிருக்க வேண்டுமன்றோ? எனவே அப்படங்களில் காணும் இடைவெளி யாவும் காண்போருக்கென ஒதுக்கி வைத்த இருக்கைகளே. மக்கள் நிறைந்த மன்றத்தில் அவை நிரம்பும். தனியறையில் அவை வெறுமையாய்க் கிடக்கும்.

இதை உணர்ந்தபின் மேடைப் பயணங்களின் பொருள் விளங்கும். படத்திலே சிரிப்பை முன்கூட்டியே ஊகித்து இடம்விட வேண்டும். மேடையிலோ ஊகத்துக்கு வேலையில்லை. நியூகாசிலில் மூன்று நொடி சிரித்தால் மூன்று நொடி. கிளாஸ்கோவில் பத்து நொடி சிரித்தால் பத்து. ஹார்டியின் நெடுநோக்கு காமிராவின் கண்ணாடிக்குச் செல்லாமல், காசு கொடுத்து வந்தமர்ந்த மனிதரின் கண்களுக்கே சென்றது. திரையில் குளோசப் தந்த முகத்தின் நுட்பங்கள் பின்வரிசையில் இருப்போர்க்கு எட்டியிரா என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்விழப்பை ஈடுசெய்யும் பெரும்பேறு எதிரே இருந்தது.

வேறொரு காரணமும் உண்டு. அதுவே எம் உள்ளத்தை மிகுதியும் தொட்டது. 1940இல் இருவரும் ரோச்சின் படக்கூடத்தை விட்டு வெளியேறினர். 1941 முதல் 1945 வரை வேறு இரு பெருங் கம்பெனிகளில் எட்டுப் படங்களில் நடித்தனர். அங்கே கதையைப் பிறர் எழுதினர். வெட்டுதலும் ஒட்டுதலும் பிறர் கையில். பல்லாண்டு தம் படங்களைத் தாமே செதுக்கிய லாரலுக்கு, எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் வேலை. அப்படங்களைக் கண்டோர் அறிவர்: உருவம் இருக்கிறது, உயிரில்லை. பழைய படங்களோ ரோச்சின் உடைமை. சாப்ளின் தம் படங்களைத் தாமே உடையவராயிருந்தார்; இவ்விருவரும் சம்பளக்காரர். அப்படங்கள் பின்னர்த் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடிய காலத்தும் இவர்கள் கைக்கு ஒரு காசு வந்ததில்லை. செம்பனைக் குலை வெட்டியவனுக்கு அன்றைய கூலி. எண்ணெய் எவ்வூர் சென்று என்ன விலை போயிற்றென்பது அவன் கேளாத செய்தி. தோட்டத்தில் பேரேடு எழுதும் கிராணியாகிய எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை, வாசகர்க்கும் வேண்டியதில்லை. மேடையிலோ காட்சி லாரல் எழுதியது. இரவுதோறும் திருத்தியவரும் அவரே. யாரும் வெட்டமுடியாத படம் அது.

1947ஆம் ஆண்டுப் பயணமே மூன்றிலும் சிறந்தது. பெர்னார்டு டெல்பாண்டு என்னும் நாடக முதலாளி அழைக்க, பிப்ரவரியில் கப்பலிலிருந்து இறங்கினர். அப்பொழுது இங்கிலாந்து எவ்வாறு இருந்தது? போரில் வென்ற நாடு, ஆனால் ரொட்டிக்கும் பங்கீட்டுச் சீட்டு. கடும்பனி, நிலக்கரி இல்லை, மின்சாரத்தை மணிக்கணக்கில் நிறுத்தினர். அந்த உறைபனியில் பிப்ரவரி 24ஆம் நாள் நியூகாசில் எம்பயர் அரங்கில் தொடங்கினார்கள். இவர்கள் 1932இல் ஓய்வுக்காக வந்தபோதே கிளாஸ்கோ ரயில் நிலையத்தில் கூட்டம் நெருக்கிச் சிலர் காயமுற்றனர். போருக்குப் பின்னும் அவ்வன்பு குன்றவில்லை. சில வாரங்களுக்கெனத் தொடங்கிய பயணம் மாதங்களாய் நீண்டது. லண்டன் பல்லேடியம், கொலிசியம் முதலிய பேரரங்குகள் நிறைந்தன. நவம்பரில் அரச குடும்பத்தார் முன்னிலையிலும் நடித்தனர். இடையே மே மாதத்தில் லாரல் தாம் பிறந்த அல்வர்ஸ்டனுக்குச் சென்றார். மன்றத்து மாடத்தில் இருவரும் நிற்க, ஊரார் கீழே திரண்டனர். அவரது பிறப்புச் சான்றின் படியொன்றை அன்பளிப்பாக வழங்கினர்.

அவ்வாண்டு அவர்கள் ஆடிய காட்சி 'ஓட்டுநர் உரிமம்' என்பது. புதியதன்று, 1940இல் அமெரிக்க நகரங்களில் நடத்திய மேடைப் பயணத்திலேயே ஆடியது. கதை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஹார்டிக்கு வண்டி ஓட்டும் உரிமம் வேண்டும். லாரல் உடன் வருகிறார். மேசைக்கப்பால் ஒரு போலீஸ்காரர். நடுவில் ஒரு படிவம். அவ்வளவே! அப்படிவத்தின் ஒவ்வொரு கேள்வியும் இவர்களிடம் அகப்பட்டுச் சிதைகிறது; அதிகாரியின் பொறுமையும் சிதைகிறது. மேசைக்கு இப்புறமும் அப்புறமும் இருந்து பழகிய எமக்கு இதனினும் மெய்யான நகைச்சுவை வேறெதுவும் தோன்றவில்லை. கேட்பவனுக்குத் தன் கேள்வியின் பொருள் தெரியாது. விடையளிப்பவனுக்குத் தன்னை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பதென்று தெரியாது. எதற்கெடுத்தாலும் சீட்டும் படிவமுமாக வாழ்ந்த 1947ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கு இது எத்துணை ஆறுதல் தந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். ஓர் இழையும் கதையின்றி, ஒரு தாளைக் கொண்டே மன்றத்தைக் கட்டியாண்டார்களென்றால், அது பிழைப்புக்கு அலைந்தோர் செயலாகுமா?

அங்கிருந்து டென்மார்க், சுவீடன், பிரான்சு, பெல்ஜியம் முதலிய நாடுகளுக்கும் சென்றனர். மொழி அறியாத மக்கள் சிரித்தனர் என்பதில் வியப்பில்லை.

1952இல் மீண்டும் சீமை வந்தனர். இடையே பிரான்சில் எடுத்த ஒரு படம் லாரலின் உடலை முறித்திருந்தது. இம்முறை ஆடியது, வேலையில் நல்லபெயர் எடுக்க விரும்பும் போலீஸ்காரன் ஒருவன் இவ்விருவரையும் தன் மேலதிகாரி வீட்டில் திருடும்படி மிரட்டும் காட்சி. 1930இல் வந்த 'நைட் அவுல்ஸ்' படத்தின் கருவையே எடுத்து மேடைக்கு மாற்றியது இது. நன்றெனினும் பழஞ்சரக்கு, அதைப்பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை.

மூன்றாம் பயணத்தைக் குறித்துச் சற்று நின்று பேச வேண்டும். 1953 செப்டம்பர் 9ஆம் நாள் அயர்லாந்தின் கோப் துறைமுகத்தில் கப்பல் நின்றது. கரையில் பெருங்கூட்டம், படகுகள் சங்கொலித்தன. திடீரென்று புனித கோல்மன் பேராலயத்து மணிகள் இவர்களது படங்களின் தொடக்கத்தில் ஒலிக்கும் குயிற்பாட்டின் மெட்டை இசைத்தன. இருவரும் ஒருவரையொருவர் நோக்கி அழுதுவிட்டதாக லாரல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவர்கள் நெடுங்காலம் புதுப்படம் ஏதும் கொடுத்திரார். ஆயினும் ஊர் மறக்கவில்லை.

ஆனால் அன்பு வேறு, கலைமதிப்பு வேறு. அவ்வாண்டு ஆடிய 'ஒரே இனப் பறவைகள்' என்னும் காட்சியை எம்மால் மெச்ச இயலவில்லை. மதுவைச் சுவைத்துப் பார்க்கும் வேலையில் சேர்ந்த இருவரில் ஹார்டி, போதையில் தம்மைப் பறவையென எண்ணிச் சன்னல் வழியே பறக்க முயன்று, மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். லாரல் காண வருகிறார். 1932இல் வந்த 'கவுண்டி ஹாஸ்பிடல்' படத்தில் கட்டிலும் நோயாளியும் வந்த நண்பனும் இருந்தது போலவே இங்கும். ஆனால் அங்கே இருந்த இயல்பு இங்கில்லை. படிவக் காட்சியில் நகைப்பு நம் அன்றாட வாழ்விலிருந்து எழுந்தது. பறவைக் காட்சியில் வலிந்து புகுத்தப்பட்டது. குடியை வைத்துச் சிரிப்பு மூட்டுவது எளிய வழி. எளிய வழியை நாடாதிருந்ததே இவர்களது பெருமை. அன்றியும், அறுபத்தொரு வயதுப் பெருமேனியரைக் கட்டிலிற் கிடத்தியது, உடல் தளர்ச்சிக்கு ஏற்ப எழுதிய சூழ்ச்சியோ என்றும் ஐயுற வேண்டியுள்ளது. அப்படியாயின் லாரலின் அன்பை மெச்சலாம். எழுத்தை மெச்ச முடியாது.

காலமும் மாறிவிட்டது. தொலைக்காட்சி வீடுகளிற் புகுந்துகொண்டிருந்தது. வித்தைக்காரர், பாடகர், கழைக்கூத்தர் என்று பலரும் ஓரிரவில் இருமுறை ஆடும் 'வெரைட்டி' அரங்குகளின் அந்திக்காலம் அது. சில ஊர்களில் இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தது மெய்யே. நண்பர்கள் கண்ட படம் இப்பகுதியை முதன்மையாகக் கொண்டதால், 1947இன் வெற்றி அவர்கள் கண்ணிற் படவில்லை. இருவருக்குமிடையே பழம்பகை வெடித்ததாக அப்படம் காட்டும் சண்டையும் கதையாசிரியரின் கற்பனையே. 1939இல் லாரல் இல்லாமல் ஹார்டி ஒரு படத்தில் நடித்தது உண்டு. அக்காலத்தில் லாரலுக்கும் ரோச்சுக்கும் ஒப்பந்தத் தகராறு இருந்ததும் உண்டு. இருவர் ஒப்பந்தமும் வெவ்வேறு நாளில் முடியும்படி ரோச் வைத்திருந்தமையால், ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க இயலாதிருந்தது. அக்குற்றத்தை முதலாளியின் தலையிலிருந்து எடுத்து நண்பரின் தலையில் வைத்தது நடிப்புக்கு வசதியாயிருக்கலாம், நியாயத்துக்கு வசதியாயில்லை. அப்படத்தில் நடித்த ஸ்டீவ் கூகனும் ஜான் ரைலியும் நன்கு நடித்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவதும் நேர்மையன்று.

1954 மே 17, திங்கட்கிழமை, பிளிமத் நகரின் பேலஸ் அரங்கு. ஹார்டிக்குக் காய்ச்சல், நெஞ்சிலும் கோளாறு. அன்றிரவு ஆடினார், மறுநாள் முடியவில்லை. எஞ்சிய ஊர்கள் கைவிடப்பட்டன. இருவரும் ஹல் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலேறி ஊர் திரும்பினர். அதன்பின் அவர்கள் மேடையேறவில்லை.

ஹார்டி 1957 ஆகஸ்டு 7ஆம் நாள் மறைந்தார். அடுத்த எட்டாண்டும் லாரல் நடிக்க மறுத்தார். சாண்டா மோனிகாவில் ஒரு சிறு வீட்டில், தொலைபேசி எண்ணைப் பொதுப் புத்தகத்தில் மறைக்காமல், வந்த கடிதங்களுக்கெல்லாம் தாமே மறுமொழி எழுதிக்கொண்டிருந்தார். ஓய்ந்த நேரங்களில் புதிய காட்சிகளும் எழுதினார். எழுதியவையெல்லாம் இருவர் நடிப்பதற்குரியவை.