ரதியின் மனமாற்றங்கள்

மாசி அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் ஊன்றிப் பௌர்ணமியை ஒட்டிய இரவில் காமனை எரிப்பது மலையகத் தோட்டங்களின் மரபு. அங்கே ஆடப்படும் காமன் கூத்தில் ரதி ஒரு நிலையில் நிற்பதில்லை. மணக்கோலத்தில் மகிழ்ந்தவள் அஞ்சுகிறாள், அஞ்சியவள் சீறுகிறாள், சீறியவள் கெஞ்சுகிறாள், இறுதியில் ஒப்பாரி வைக்கிறாள். இதனைப் பாத்திர வார்ப்பின் குறை எனக் கருதுதல் பொருந்துமா?

பொருந்தாது. இம்மாற்றங்கள் அனைத்துக்கும் காரணம் வெளியே இருந்து வருகிறது. சிவனின் தவம் கலைய வேண்டும் என்பது தேவர்களின் தேவை. அதனால் காதலர்க்கு விளையும் பயன் யாதுமில்லை. எனினும் அழைப்பு வருகிறது. கடமை என்கிறான் மன்மதன். போகாதே என்கிறாள் ரதி. அவள் கோபம் கணவன்மீது எழுந்தது போலத் தோன்றினும், உண்மையில் அந்த ஆணையின்மீதே எழுந்ததாகும்.

ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம். தன் உறவினன் டைபால்ட்டை ரோமியோ கொன்றான் எனக் கேட்டதும் அவனைப் பழிக்கிறாள். மறுகணமே பழித்த தன் நாவை நொந்துகொள்கிறாள். அவள் மனத்தைப் பிளந்தது குடும்பப் பகை. அங்கே போய்ச் சேராத கடிதம் காதலரைக் கொன்றது. இங்கே வந்து சேர்ந்துவிட்ட ஆணை கொன்றது.

ஆணையின் கொடுமையை லயத்து மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. உற்றாரைத் தலைமன்னாருக்கு வழியனுப்பிய சமூகம், ரதியின் ஒப்பாரியில் தன் குரலையும் கேட்டிருக்குமன்றோ?

கூத்தின் முடிவு பற்றியும் ஒரு சொல். மன்மதன் மீண்டும் உயிர் பெறுகிறான். ஆயினும் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். இதனை இறையருள் என்று கொண்டாடுவர். உலகறிய வாழும் உரிமையைத் திருப்பித் தராத அருள் பாதி நீதியே என்பதை நாம் மறத்தலாகாது. எரித்தவர் உருவத்தோடு உலவுகிறார், எரிந்தவனுக்கோ உருவமில்லை.

காமன் கூத்தை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆசிரியர்கள், ரதி எத்தனை மெய்ப்பாடுகளைக் காட்டினாள் என்று எண்ணச் சொல்வதோடு அமையாது, அவளை அந்நிலைகளுக்குத் தள்ளியவர் யார் என்றும் மாணவரைக் கேட்க வேண்டும். பாட்டாளி மக்கள் பல தலைமுறையாகக் காத்துத் தந்த இத்துன்பியல் நாடகத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.