வினையெச்சத்தில் ஓடும் பையன்

ஏடிஎச்டி உள்ள பையனுக்கு என்ன கதை கொடுக்கலாம் என்று கேட்டால் பலரும் முதலில் நீட்டுவது ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் நாவல்களைத்தான் (முதல் நாவல் 2005). ஏடிஎச்டியும் டிஸ்லெக்ஸியாவும் இருந்த தன் மகனுக்கு ரியோர்டன் சொன்ன கதையிலிருந்து பிறந்தவை அவை. பெர்சியின் அலைபாயும் கவனம் போர்க்களத்தில் உயிர்காக்கும் அனிச்சையாகிறது. எழுத்துகள் குழம்புவதற்குக் காரணம், அவன் மூளை பண்டைய கிரேக்கத்துக்காக அமைந்தது. அப்பா மகனுக்குச் சொல்லும் கதையாக எவ்வளவு அன்பானது! நாவலாக எனக்கு இதில் சங்கடம் உண்டு. குறையை வரமாக மாற்றிக் காட்டினால்தான் பிள்ளையை ஏற்போம் என்கிற பேரம் உள்ளே இருக்கிறது. கடல் தெய்வத்துக்குப் பிறக்காத பையன் எங்கே போவான்?

அடுத்தது டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்' (1981). நம்மூர் ஆசிரியர்கள் கொண்டாடும் புத்தகம். மேசை மூடியைத் திறந்து திறந்து மூடியதற்கும், ஜன்னலில் நின்று தெருவில் போகும் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டதற்கும் ஒன்றாம் வகுப்பிலேயே வெளியேற்றப்பட்ட சிறுமி. புதுப் பள்ளியில் தலைமையாசிரியர் கொபயாஷி முதல் நாளே நாலு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்கிறார். கழிவறைக்குள் விழுந்த பர்ஸைத் தேடி அவள் மலத்தை அள்ளிக் குவித்திருக்கும்போது, முடிந்ததும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் இது நன்றியுள்ள ஒரு பெரியவரின் நினைவு. தப்பு பள்ளிக்கூடத்தின் மேல்தான் என்று முடித்துக்கொள்ள நம்மை விட்டுவிடுகிறது. கொபயாஷி இல்லாத ஊரிலும் அந்தக் குழந்தை இருக்கிறதே.

தமிழில் இரா. நடராசனின் 'ஆயிஷா'வும் இந்த வரிசைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆயிஷாவுக்கு ஏடிஎச்டி இல்லை, அவள் கேள்வி கேட்கிறவள். இருந்தும் வகுப்பறைக்கு அடங்காத குழந்தை என்றதும் நமக்கு நினைவு வருவது அவள்தான். அவளைச் சொல்வதும் டீச்சர்தான். குற்றவுணர்ச்சி டீச்சருடையது, சாவு ஆயிஷாவுடையது.

உள்ளேயிருந்து பேசுகிறவன் ஜாக் காண்டோஸின் ஜோயி பிக்ஸா (1998). பென்சில் ஷார்ப்னரில் விரலை விடுகிறான், வீட்டுச் சாவியை விழுங்குகிறான். கத்தரிக்கோலோடு ஓடி ஒரு சிறுமியின் மூக்கு நுனியை வெட்டிவிடுகிறான். வேண்டுமென்றே செய்ததில்லை, ஆனால் மூக்கு போனது போனதுதான். காண்டோஸ் அதற்குச் சலுகை தருவதில்லை, அவனை அரக்கனாக்குவதுமில்லை. ஜோயிக்கு எந்த வரமும் கிடையாது. மாத்திரை காலையில் வேலை செய்யும், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அது தீர்வதை வாக்கியத்தின் ஓட்டத்திலேயே நாம் கேட்கிறோம். 'ஐம்பது டேப் திறந்த ப்ரௌசர்' என்று என் துறைக்காரர்கள் சொல்லும் தேய்ந்த உவமையெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

களமருதூரில் நாலாவது படிக்கும் என் அக்கா பையன், பள்ளிக்கூடத்துக்கு ஏன் லேட் என்று கேட்டால் இப்படிச் சொல்வான்: "பல்லு வெளக்கப் போயி, எறும்பு வரிசையா போறதப் பாத்து, எங்க போவுதுன்னு பின்னாடியே போயி, கெணத்தாண்ட ஓணானப் பாத்து, அதத் தொரத்திப் போயி..." முற்று வரவே வராது. ஊர் அவனுக்கு 'வாலு', 'சேட்டை' என்று பெயர் வைத்திருக்கிறது. டாக்டர் ஏடிஎச்டி என்று எழுதித் தந்திருக்கிறார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன, ஏடிஎச்டி தனி வகையாக இல்லை. அவன் எந்தப் பட்டியலில் இருக்கிறான் என்பது இருக்கட்டும், அவன் இலக்கணம் என்னை நிறுத்தியது.

காண்டோஸ் ஆங்கிலத்தில் 'அப்புறம், அப்புறம்' என்று கோத்துச் சாதிப்பதைத் தமிழ் வினையெச்சம் இயல்பாகவே செய்யும். போய், பார்த்து, எடுத்து, ஓடி என்று எவ்வளவு தூரமும் முற்று இல்லாமல் இழுக்கலாம். இந்த மனசுக்கென்றே செய்த மாதிரி ஒரு வாக்கிய அமைப்பை வைத்துக்கொண்டு, நம் சிறார் கதைகள் இன்னும் 'ராமு நல்ல பையன். அவன் தினமும் பள்ளிக்குச் செல்வான்' என்று முற்றுக்கு மேல் முற்றாக அடுக்குவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

தொடரின் இரண்டாவது நாவலில் ஜோயியின் அப்பா, ஆம்பளைக்கு மருந்து எதுக்கு என்கிற தோரணையில், அவன் உடம்பில் ஒட்டும் மருந்துப் பட்டைகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடுகிறார். இதைத் தமிழில் சொல்கிறவர் அதுவரைக்கும் முற்றுகளைத் தாராளமாக வைக்கலாம். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக எச்சங்கள் நீள வேண்டும், வாசிக்கிறவருக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு. நடுவில் முற்றுப்புள்ளி வைத்துத் திருத்தித் தரும் எடிட்டர் கையில் மட்டும் அது சிக்கிவிடக் கூடாது.