கொட்டுக்காளி: பேய் யாரைப் பிடித்திருக்கிறது?

கொட்டுக்காளி, பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய இரண்டாவது திரைப்படம். இவருடைய முதல் படமான கூழாங்கல் 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. கொட்டுக்காளி 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்று திரையரங்குகளில் வெளியானது. நடிகர் சிவகார்த்திகேயனின் நிறுவனம் தயாரித்த படம் என்றாலும், பின்னணி இசையே இல்லாமல் எடுக்கப்பட்ட இதைச் சுயாதீனப் படங்களின் வரிசையில் வைப்பதே பொருந்தும்.

வேறு சாதி இளைஞனை விரும்பும் மீனாவுக்கு (அன்னா பென்) பேய் பிடித்துவிட்டதாக வீட்டார் முடிவு செய்கின்றனர். முறைமாமன் பாண்டி (சூரி) முன்னே செல்ல, ஆட்டோவில் அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போகின்றனர். பலி கொடுக்க ஒரு சேவலும் உடன் வருகிறது. கதை இவ்வளவுதான்.

இந்த ஒற்றைப் பயணத்தில் மூன்று வகைப் படங்கள் கலந்துள்ளன. ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டை மீனா முணுமுணுத்ததற்காகப் பாண்டி அவளை அடிப்பதும், தடுக்க வந்தவர்களையும் அடிப்பதும் குடும்ப நாடகம். வழிமறித்து நிற்கும் காளையை நெருங்க ஆண்கள் அஞ்சுகையில், ஒரு சிறுமி வந்து அதை எளிதாக ஓட்டிச் செல்வது கரும் நகைச்சுவை. மீனாவின் மௌனம் மர்மம். அவள் என்ன நினைக்கிறாள் என்பதைப் படம் இறுதிவரை சொல்வதில்லை.

இந்த மௌனமே படத்தின் பலம், குறையும் அதுவே. மீனாவின் எதிர்ப்பு பார்வையாளரை எட்டுகிறது, ஆனால் அவளுடைய காதல் எட்டுவதில்லை. சாமியாடியிடம் வேறொரு பெண் படும் பாட்டைப் பார்த்துப் பாண்டி திகைக்கும் இடத்தில் படம் முடிகிறது. அங்கும் முடிவெடுக்கும் உரிமை ஆணிடமே விடப்படுகிறது. ஆணின் குற்றவுணர்வு இல்லாமல் அவளுக்கு மீட்பு இல்லையா என்ற கேள்விக்குப் படத்தில் விடை இல்லை.

பனவடலிசத்திரம், சங்கரன்கோவில் பகுதி வாசகர்களுக்கு இந்தப் பயணம் புதிதல்ல. கோமதியம்மன் சன்னதி முன்னுள்ள சக்கரத்தில் அமர்ந்தால் பேய்க்கோளாறும் மனநோயும் நீங்கும் என்ற நம்பிக்கை அங்கு உண்டு. படம் தெய்வ நம்பிக்கையைக் கேலி செய்யவில்லை. துயரத்தைத் தீர்க்கும் வழிபாட்டையும், மறுப்பை நோயாக்கும் சாதியையும் பிரித்துப் பார்க்கும்படி கேட்கிறது. சேவலின் காலில் கட்டிய கயிறு யார் கையில் இருக்கிறது என்பதைக் கவனித்தால், கோளாறு யாருக்கு என்பதும் விளங்கும்.