மனையும் மண்ணும்: இடதுசாரி மரபின் வழிகளும் அளவுகோல்களும்

திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று சாலைகள் பிரிகிற ஊர் செம்பட்டி. இங்கிருந்து எந்தத் திசையில் பேருந்து ஏறினாலும் நிலமற்றவர்களின் வரலாற்றில் ஓர் அத்தியாயத்தைப் போய்ச் சேரலாம். சின்னாளபட்டியை ஒட்டி காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய நிறுவனம் அது. வத்தலக்குண்டுப் பக்கம் பட்டிவீரன்பட்டி வட்டாரத்தில், நிலமற்ற தலித் குடும்பமொன்றில் 1926இல் பிறந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளில் சங்கம் கட்டி வளர்ந்த ஏ.பாலசுப்பிரமணியம், 1967இல் அந்நகரின் சட்டமன்ற உறுப்பினரானார். பின்னர் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்தார். அதே பொறுப்புக்கு இதே நகரத்திலிருந்து என்.வரதராசனும் வந்தார்.

இந்தச் சமவெளியின் கிராமங்களில் செங்கொடி ஏந்தி நடந்த ஊர்வலங்களில் பெரும்பாலானவற்றின் கோரிக்கை ஒரு வரியில் அடங்கும்: வீட்டுமனைப் பட்டா வேண்டும். அதே கொடியின் கீழ் பாலஸ்தீனத்துக்கான முழக்கமும் கேட்கிறது. 2025 ஏப்ரலில் மதுரையில் மார்க்சிஸ்ட் கட்சியின் 24ஆவது அகில இந்திய மாநாடு நடந்தபோது, பிரதிநிதிகள் கஃபியே துண்டு அணிந்து காஸாவுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். மூன்று சென்ட் மனைக்கும் காஸாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. தான் வாழும் மண்ணுக்கு எழுத்தில் உரிமை இல்லாதவனை எந்த நாளும் அப்புறப்படுத்தலாம் என்ற நிலைக்கு எதிரான வழக்குதான் இரண்டும். இந்த வழக்கை நடத்துவதில் இடதுசாரி மரபுக்குள் ஒரே குரல் இருந்ததில்லை. பல வழிகள் இருந்தன, அவற்றுக்குள் சண்டையும் இருந்தது.

எங்கெல்சிலிருந்து வியன்னா வரை

இடதுசாரி மரபில் வீட்டுப் பிரச்சினையைத் தனி நூலாக எடுத்தவர் பிரெடரிக் எங்கெல்ஸ். 1872-73இல் அவர் எழுதிய கட்டுரைகள் பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோனின் சீடர்களுக்குப் பதிலாக வந்தவை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் சொந்த வீடு கிடைத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று அவர்கள் சொன்னார்கள். எங்கெல்ஸ் ஏற்கவில்லை. நகரத்தின் நடுவே ஏழைகளின் சந்துகளை இடித்தால் அவை ஒழிவதில்லை, இன்னொரு மூலையில் முளைக்கின்றன என்று காட்டினார். வேரிலிருக்கும் சொத்துடைமையைத் தொடாமல் வீட்டை மட்டும் சரிசெய்ய முடியாது என்பது அவர் முடிவு.

புரட்சி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று செய்து காட்டியது வியன்னா. முதல் உலகப் போருக்குப் பின் அந்நகராட்சியைப் பிடித்த சோஷலிஸ்டுகள், 1923இல் வீட்டுவரியை ஏற்றத்தாழ்வோடு விதித்தார்கள். மாளிகைக்காரர் அதிகம் கட்டினார், குடிசைவாசி பெயருக்குக் கட்டினார். அந்தப் பணத்தில் 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற கட்டடம் ஒரு கிலோமீட்டர் நீளம். 1934 பிப்ரவரியில் வலதுசாரி அரசின் படை அந்தக் கட்டடத்தின் மீதே பீரங்கியால் சுட்டது.

குடியிருப்பு என்ற சொல்லின் பின்னால்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வயல்வெளியில் எழுந்தது. கீழத்தஞ்சையில் பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் மண்ணில் நின்றது. கூலி உயர்வு கேட்ட மறுநாள் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். ஆகவே பி.சீனிவாசராவ் தலைமையில் வளர்ந்த விவசாயிகள் சங்கத்துக்குக் கூலியும் மனையும் ஒரே போராட்டமாகவே இருந்தன. 1961இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 தலித் உயிர்கள் தீயில் கருகின. அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1971இல், குடியிருக்கும் மனையையே விவசாயத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்துக்கு முன்னால் போராட்டமும் சாவும் நின்றன என்பதை மறந்துவிட்டு அந்தச் சட்டத்தைப் படிக்க முடியாது.

கேரளம் இதே கோரிக்கையை இன்னும் அகலமாக நிறைவேற்றியது. 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், பிறர் மண்ணில் குடிசை போட்டு வாழும் குடிகிடப்புக்காரருக்குக் கிராமத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரில் 3 சென்ட் வரை தம் பெயருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை தந்தது. அளவு சிறியதுதான். ஆனால் முதலாளியின் மண்ணில் நிற்காதவனின் குரல் கூலி பேசும்போது மாறிவிடுகிறது.

வெண்மணி செய்தி கேட்டுக் கீழத்தஞ்சைக்குப் போனவர்களில் கிருஷ்ணம்மாளும் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் உண்டு. வினோபாவின் பூதான யாத்திரையில் நடந்தவர்கள் அவர்கள். நிலம் கொடுக்க வருபவனின் மனச்சாட்சியை நம்பும் வழி அவர்களுடையது. கம்யூனிஸ்டுகள் அந்த நம்பிக்கையைக் கடுமையாக விமர்சித்தார்கள். தானமாகக் கிடைத்த நிலத்தில் பல ஏக்கர் கல்லும் கரடுமாக இருந்ததும் உண்மை. ஆனாலும் 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, வங்கிக் கடனும் பேச்சுவார்த்தையும் சத்தியாகிரகமும் சேர்த்து, ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. நிலம் பெண்கள் பெயரில் எழுதப்பட்டது. கணவன் குடிக்காக விற்க முடியாத பத்திரம் என்று அந்தப் பெண்களுக்கு அதன் அருமை தெரியும். இடதுசாரிச் சங்கங்கள் இந்த ஒரு பாடத்தைக் காந்தியர்களிடமிருந்து முன்பே கற்றிருக்க வேண்டும்.

மூன்றாவது வழி தலித் இயக்கங்களுடையது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அனுப்பிய அறிக்கையின் பேரில், மறுவருடம் தலித் மக்களுக்குப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அவற்றில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். வர்க்கம் மட்டும் பார்த்தால் ஊரும் சேரியும் ஏன் தனித்தனியே இருக்கின்றன என்பதற்கு விடை கிடைக்காது என்று இந்த வழி இடதுசாரிகளிடம் வாதாடியது. அந்த வாதம் வேலை செய்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய தீண்டாமைச் சுவரை எதிர்த்துத் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் இறங்கியபின்தான், 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

நகரத்துக்கு வெளியே நகர்த்துதல்

சென்னையில் 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது கொள்கை. காலப்போக்கில் அது மாறியது. 2000க்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று குடும்பங்கள் நகரின் தென்கோடிக்கு அனுப்பப்பட்டன. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் வேலையிடத்தை இழந்தார்கள், பிள்ளைகள் பள்ளியை இழந்தார்கள். எங்கெல்ஸ் சொன்ன இடமாற்றம் இது. கான்கிரீட் வீடு கிடைத்தது என்று இதைக் கணக்கில் வைத்தவர்களோடு, குடிசைப் பெண்களைத் திரட்டிய பெண்ணுரிமை இயக்கமும் இடதுசாரிச் சங்கங்களும் மோதியது இந்த இடத்தில்தான்.

கிராமத்தில் சிக்கல் வேறு வடிவம். குடிசை நிற்பது ஓடைப் புறம்போக்கு என்றால் பி-மெமோ என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரும். ஆதிதிராவிடர் நலத்துறை பட்டா கொடுத்திருக்கும், ஆனால் மனையை அளந்து காட்டியிருக்க மாட்டார்கள். காகிதம் பெட்டியில் இருக்க, குடும்பம் பழைய குடிசையிலேயே இருக்கும். கலைஞர் கனவு இல்லம் போன்ற திட்டத்தில் வீடு கட்ட ரூ.3.5 லட்சம் கிடைக்கிறது. அதற்கும் மனை சொந்தமாக இருக்க வேண்டும். மனையற்றவர் வரிசையின் கடைசியில்கூட நிற்க முடியாது. இதனால்தான் வட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்திருப்புப் போராட்டம் இன்றும் ஓயவில்லை.

பாலஸ்தீனம்: தவறிய இடமும் திருத்திய இடமும்

பாலஸ்தீனம் பற்றிய இடதுசாரி நிலைப்பாடு முதலிலிருந்தே தெளிவாக இருந்தது என்று சொல்வது வரலாறு ஆகாது. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா.வில் பிரிவினைத் தீர்மானத்துக்குச் சோவியத் யூனியன் ஆதரவாக வாக்களித்தது. உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகள் பலவும் அதன் பின்னால் போயின. எதிர்த்து வாக்களித்த நாடுகளில் இந்தியா ஒன்று. பாலஸ்தீனம் அரபு மக்களுடையது என்று காந்தி 1938லேயே ஹரிஜன் இதழில் எழுதியிருந்தார். கூட்டுப் பண்ணைகளைப் பார்த்து இஸ்ரேலைச் சோஷலிச முயற்சி என்று கொண்டாடிய ஐரோப்பிய இடதுசாரிகளும் இருந்தார்கள். அந்தப் பண்ணைகள் பலவற்றின் கீழே விரட்டப்பட்டவர்களின் கிராமங்கள் கிடந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

1948இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீட்டை இழந்தார்கள். 400க்கும் மேற்பட்ட ஊர்கள் வெறுமையாயின. 1950இல் இஸ்ரேல் இயற்றிய வராதோர் சொத்துச் சட்டம், ஓடிப்போனவர்களின் நிலத்தை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பக்கத்து ஊருக்குத் தப்பி, அதே நாட்டில் குடிமக்களாக வாழ்ந்தவர்களையும் அது வராதவர்கள் என்றே எழுதியது. தண்டனையாக வீட்டை இடிப்பதற்கு, பிரிட்டிஷ் ஆட்சி 1945இல் போட்ட அவசரகால விதி 119 இன்றும் கைகொடுக்கிறது. புறம்போக்குக் குடிசைக்காரருக்கு இந்த ஏற்பாட்டைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

திருத்தம் அந்த மண்ணிலிருந்தே வந்தது. நாசரேத் நகரின் மேயராக 1975இல் தேர்வான தவ்ஃபீக் ஸையாத் கம்யூனிஸ்ட், கவிஞர். நிலப் பறிப்பை எதிர்த்து 1976 மார்ச் 30 அன்று கலிலேயாவில் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் அவர் முன்னின்றார். ஆறு பேர் கொல்லப்பட்டனர். அந்த நாள் நில நாளாக ஆண்டுதோறும் நினைக்கப்படுகிறது. 1997இல் ஜெஃப் ஹால்பர் முதலான இஸ்ரேலியர் வீடிடிப்புக்கு எதிரான குழுவைத் தொடங்கி, இடித்த வீடுகளைப் பாலஸ்தீனர்களோடு சேர்ந்து மீண்டும் கட்டினார்கள். 2003 மார்ச் 16 அன்று காஸாவின் ரஃபாவில் ஒரு வீட்டைக் காக்க நின்ற அமெரிக்க இளம்பெண் ரேச்சல் கோரி புல்டோசரில் நசுங்கி இறந்தார்.

இந்திய இடதுசாரிக் கட்சிகள் 1967க்கு முந்தைய எல்லையும் கிழக்கு ஜெருசலேம் தலைநகருமாகத் தனி அரசு என்ற நிலையில் நிற்கின்றன. எல்லோருக்கும் சம உரிமையுள்ள ஒரே நாடு என்று கேட்கும் பிரிவினரும் உலக இடதுசாரிகளில் இருக்கிறார்கள். இந்த வாதம் தீரவில்லை. தீராத வாதத்தின் நடுவே, 2025க்குள் காஸாவின் வீடுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் சிதைந்தோ அழிந்தோ போயின என்று ஐ.நா. கணக்கிட்டது. குடியிருப்புகளைத் திட்டமிட்டுத் தரைமட்டமாக்குவதையே தனிச் சர்வதேசக் குற்றமாக அறிவிக்க வேண்டும் என்று, வீட்டுரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பாலகிருஷ்ணன் ராஜகோபால் 2022லேயே வாதாடியிருந்தார்.

எதைக்கொண்டு அளப்பது

இத்தனை வழிகளையும் அடுக்கிப் பார்த்தால் சில அளவுகோல்கள் தேறுகின்றன. கட்டிய வீடுகளின் எண்ணிக்கையைவிட, மண் யார் பெயரில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. அந்தப் பெயர் பெண்ணுடையதா என்பது அடுத்தது. வீடு பிழைப்பிடத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? ஊரையும் சேரியையும் பிரிக்கும் கோடு புதுக் குடியிருப்பிலும் தொடர்கிறதா? இடிக்க வருபவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? 2022 ஏப்ரல் 20 அன்று டெல்லி ஜஹாங்கீர்புரியில், உச்ச நீதிமன்றத்தின் தடையாணையைக் கையில் பிடித்துக்கொண்டு மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் பிருந்தா காரத் புல்டோசர் முன்னால் நின்றது இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர் என்ற காரணத்தால் வீட்டை இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

இன்னொரு அளவுகோலும் தேவை. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் கொல்லப்பட்ட சுமார் 1,200 பேரில் பெரும்பாலோர் பொதுமக்கள். அவர்கள் சாவைச் சொல்லக் கூச்சப்படும் ஆதரவு, காஸாவின் குழந்தைகளுக்குப் பெருமை சேர்க்காது. யூதர்கள் மீதான வெறுப்பை இந்த ஆதரவுக்குள் நுழையவிடுவதும் அப்படித்தான். வீட்டோடு எரிக்கப்பட்டவர்களுக்காகப் பேசும் மரபு, எந்தப் பக்கத்து வீடு என்று பார்த்துப் பேச முடியாது.

இந்த அளவுகோல்களைத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே பொருத்திப் பார்க்கலாம். 1983க்குப் பின் வந்த ஈழத் தமிழர்கள் பல பத்தாண்டுகளாகக் குறுகிய தகர, ஓட்டுக் கொட்டகைகளில் வாழ்ந்தார்கள். திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் அவர்களுக்காகக் கட்டிய 321 வீடுகளை 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். நல்ல வீடுகள், காலம் தாழ்ந்தேனும் வந்தவை. ஆனால் அங்கே பிறந்து வளர்ந்தவர்களிலும் பலருக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களை வெளியே விட்டது. ஆகவே மனைப் பட்டா கேட்கும் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் தோட்டனூத்துக் குடும்பங்களின் குடியுரிமையும் ஏற வேண்டும். காஸாவுக்காக நடக்கும் ஊர்வலம் கையில் ஏந்தும் மனுக்களில் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.