வீழ்ச்சி என்னும் கதையாடல்: விழுவது யார்?

விளையாட்டுப் பக்கங்கள் உற்பத்தி செய்யும் கதையாடல்களில் ‘வீழ்ச்சி’யைப் போல அப்பாவி வேஷம் போடுவது வேறொன்றில்லை. 2021 ஐபிஎல் கோப்பையை வென்ற சென்னை சூப்பர் கிங்ஸ், 2022இல் பத்து அணிகளில் ஒன்பதாவது. 2023இல் மறுபடி கோப்பை. 2025இல் கடைசி இடம். இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் எவை? வயசாயிருச்சு, வெறி போயிருச்சு, தலைமை சரியில்ல. எல்லாமே ஆட்டக்காரனின் உடம்பின்மீதும் மனசின்மீதும் எழுதப்பட்ட தீர்ப்புகள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம்தான். சென்னை வென்றது 2021இல் 9, 2022இல் 4. நாணயத்தை 14 தடவை சுண்டினால் ஒருமுறை ஒன்பது தலையும் இன்னொருமுறை நாலு தலையும் விழுவதில் பெரிய அதிசயமில்லை. உச்சியில் நிற்கிற எந்த அணியும் அந்த வருஷத்து அதிர்ஷ்டத்தையும் சேர்த்துக்கொண்டுதான் அங்கே வந்திருக்கிறது. மறுவருஷம் அது இறங்குவதில் ஒரு பகுதி வீழ்ச்சியே அல்ல. தன் சராசரிக்குத் திரும்புதல். கால்டன் இதை 1886லேயே சொல்லிவிட்டார்.

எல்லாமே தற்செயல் என்று நான் சொல்லவில்லை. 14 கோடிக்கு ஏலத்தில் எடுத்த தீபக் சாஹர், காயத்தால் 2022இல் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. முந்தைய வருஷம் 633 ரன் எடுத்த டு பிளெசியைப் பெங்களூரு கொண்டுபோயிற்று. போட்டித் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஜடேஜா தலைவரானார். எட்டில் ஆறு தோற்றதும் தலைமை தோனியிடமே திரும்பியது. இதில் எது ஆட்டக்காரன் கையில் இருந்தது? அதே ஜடேஜாதான் 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் எடுத்தார். கொண்டாடப்பட்டதோ பெரும்பாலும் தோனியின் ஐந்தாவது கோப்பையாக. பழி தனியாளுக்கு, புகழ் பிம்பத்துக்கு.

முதலாளியே வீழ்ச்சியை நடத்திவைப்பதும் உண்டு. அமெரிக்க பேஸ்பாலில் ஃப்ளோரிடா மார்லின்ஸ் 1997இல் சாம்பியன். உடனே முதலாளி ஹைசெங்கா சம்பளச் செலவைக் குறைக்க முக்கிய ஆட்டக்காரர்களைக் கைகழுவினார். 1998இல் 162 ஆட்டங்களில் 108 தோல்வி. அத்தனை ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் மேல் பாரத்தைப் போட முடியாது. இதற்குப் பெயர் ஆட்குறைப்பு.

நான் இதை எழுதும் மல்லாங்கிணற்றுக் கரிசலில் இந்தக் கணக்கை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மானாவாரியில் ஒரு வருஷம் பருத்தி வெடிச்சுக் கிடக்கும். மறுவருஷம் போட்ட விதைகூடத் தேறாது. ஐப்பசி மழை பொய்த்ததற்காகச் சம்சாரியை வேலை தெரியாதவன் என்று ஊர் சொல்லாது. ஆனால் ஒப்புமை இங்கேயே உடைகிறது. உடைகிற இடம்தான் முக்கியம். வெள்ளாமை போன சம்சாரி ஆட்டையும் மாட்டையும் விற்க வேண்டும். இல்லையென்றால் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டும். ஐபிஎல்லில் கடைசி இடத்துக்கு அப்படி எந்த நஷ்டமும் கிடையாது. 2016இல் இங்கிலாந்துச் சாம்பியனான லெஸ்டர் சிட்டி 2023இல் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டதே, அந்த விதி இங்கே இல்லை. 2023 முதல் 2027 வரைக்குமான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. அதில் அணிகளுக்கான பங்கு கடைசி இடத்துக்காரருக்கும் வந்துசேரும். சென்னை அணியை நிஜமாகவே சாய்த்தது 2015இல் லோதா குழு விதித்த இரண்டு வருஷத் தடை. அதன் காரணம் ஆடுகளத்தில் இல்லை. நிர்வாகத் தரப்பின் சூதாட்டத்தில் இருந்தது.

ஆகவே ‘ஏன் விழுந்தது’ என்று எழுதுகிறவரிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியவை மூன்று. எத்தனை ஆட்டத்தை வைத்துச் சொல்கிறீர்கள்? ஆளை எடுத்ததும் விட்டதும் யார்? விழுந்தபின் யார் வீட்டு அடுப்பு அணைந்தது? மூன்றாவதற்குப் பதில் தோனியும் அல்ல, முதலாளியும் அல்ல. மறு ஏலத்தில் விலைபோகாமல் ஊர் திரும்புகிற, நமக்குப் பெயர்கூடத் தெரியாத ஆட்டக்காரன். அவனைப் பற்றி எந்த விளையாட்டுப் பக்கம் எழுதுகிறது?