நீலக் கண்களும் களக்காட்டுக் குழியும்

கேட்டது கிடைக்காத ஜெபத்தைக் குறித்துப் பிரசங்கிக்க நேரும்போது நம் போதகர்களில் பலர் ஒரே கதையை நாடுகின்றனர். 1867இல் அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் சிறுமியாயிருந்தபோது நீலக் கண்கள் வேண்டி ஜெபித்தார். விடிந்ததும் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண்கள். பிற்காலத்தில் சேலை உடுத்து, கோயில்களுக்கு ஒப்புவிக்கப்பட இருந்த பெண் குழந்தைகளை மீட்க முனைந்தபோது அக்கண்களே அவருக்குத் துணைநின்றன என்பர். கதை அழகாக முடிகிறது. அது முடிந்துவிடுகிறது என்பதே நமது குறை.

திருப்பூர்ச் சபையொன்றில் இக்கதையைச் சொல்வதாகக் கொள்வோம். 2011 ஜனவரியில், கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடலாகாது என்னும் நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயத் தொழிலாளியின் மனைவி, பட்டறை திறக்க வேண்டுமென்று உபவாசித்திருப்பாள். நொய்யலின் கீழ்க்கரையிலிருந்து வரும் விவசாயி, உத்தரவு நிலைக்க வேண்டுமென்று மன்றாடியிருப்பார். அவர் கிணறு உவர்த்துப் போய் ஆண்டுகள் பல. பாசனத்திற்கென்று 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாய் மாறியதைக் கண்ணால் கண்டவர் அவர். இருவரும் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறவர்கள். இவர்களில் யாருடைய கண்கள் பழுப்பு?

இங்கே அம்மையாரின் இன்னொரு வரலாறே பயன்படும்; அதைப் பிரசங்க பீடத்தில் அரிதாகவே கேட்கிறோம். 1931 அக்டோபரில் களக்காட்டில், மருத்துவப் பணிக்கென எடுத்த வீட்டைப் பார்க்கச் சென்றவர், மாலை மங்கலில் அங்கு வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. சுகத்திற்காக டோனாவூர் முழுவதும் ஜெபித்தது. பழைய சுகம் திரும்பவில்லை. 1951 ஜனவரியில் மரிக்கும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தன. ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்னும் அவரது நூல் (1933) அவ்வறையிலிருந்து பிறந்தது. நலமுள்ளோர் நோயாளிகளுக்கென்று எழுதும் ஆறுதல் நூல்கள் தமக்கு எட்டவில்லை என்பதை அவர் அதில் மறைக்கவில்லை. நோயாளி நோயாளிக்கு எழுதிய மடல்கள் இவை. முடிவு தெரியாத நிலையில் எழுதப்பட்டதால், பின்னோக்கிப் பார்த்துக் காரணம் கற்பிக்கும் வசதி அவற்றுக்கு இல்லை. நூலின் மெய்யான பலம் அங்கேதான் இருக்கிறது. (நம் ஆறுதல் பிரசங்கங்களை எழுதுவோரும் நலமுள்ளோரே என்பதை இவ்விடத்தில் நினைப்பது நல்லது.)

எனினும் நூலைக் குறைகூறாமல் விட இயலாது. அம்மையார் மனத்தில் ஓங்கி நிற்பது ஏற்றுக்கொள்ளுதல். முறிந்த காலை ஏற்றுக்கொள்ளலாம். பவுலும் தம் முள்ளை மூன்றுமுறை வேண்டியபின் ஏற்றுக்கொண்டார். ஆனால் உவர்த்த கிணறு முள்ளன்று. அது மனிதர் செய்த தீங்கு. பனியன் கம்பெனியில் ஷிப்டுக்குமேல் ஷிப்டாக நின்று கால் வீங்கிய பெண்ணிடம் ஏற்றுக்கொள் என்று சொல்பவர், தாம் அறியாமலே முதலாளியின் பக்கம் பேசுகிறார். நோயறையில் பிறந்த சொல்லைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகுமுன் அதன் பொருளைச் சோதிக்க வேண்டும்.

அதற்கு அந்நூலின் பக்கத்தில் 88ஆம் சங்கீதத்தை வைத்து வாசிக்கலாம். புலம்பற் சங்கீதங்கள் பலவும் இறுதியில் துதிக்குத் திரும்ப, இது திரும்புவதில்லை. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவ்விருள் அத்துணை உரக்கக் கேட்பதில்லை. ஆயினும் சங்கீதக்காரன் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஜெபத்தை நிறுத்தவும் இல்லை. காரணம் கேட்டுக்கொண்டே காலைதோறும் வருகிறான். இதைத் தொகுத்தோர் திருத்தி எழுதாமல் ஆலயப் பாடலாகவே விட்டுவைத்தனர்.

நம் ஆராதனையில் இதற்கு இடம் எங்கே? சாட்சி நேரம் இருக்கிறது. சாயப்பட்டறைகள் பின்னர்ப் படிப்படியாகத் திறந்தன. தொழிலாளியின் மனைவி எழுந்து நன்றி சொல்லியிருப்பாள், சபையும் ஆமென் சொல்லியிருக்கும். கீழ்க்கரை விவசாயி அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து பேசுவதற்கென்று ஒரு நேரத்தை நம் ஆராதனை முறைமை இன்னும் ஒதுக்கவில்லை.